ஆபத்து வானத்திலா, வரிசையிலா?

2020 மார்ச்சுக்குப் பிறகு விமானச் சீட்டு எடுக்க நினைத்த எல்லோர் மனத்திலும் ஒரே கேள்விதான் இருந்தது: விமானத்தில் ஏறினால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமா? மருத்துவமனையில் பயன்படும் வடிகட்டியில் சலித்த காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள், பயப்பட வேண்டாம் என்றன விமான நிறுவனங்கள். ஜன்னலைக்கூடத் திறக்க முடியாத குழாய்க்குள் இருநூறு பேரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிட வேறென்ன ஆபத்து இருக்க முடியும் என்று கேட்டார்கள் மற்றவர்கள். பயணிகளின் அச்சமும் அரசுகளின் தடையும் சேர்ந்து, 2019இல் உலகம் முழுவதும் சுமார் 450 கோடியாக இருந்த விமானப் பயணிகளின் எண்ணிக்கையை அடுத்த ஆண்டே சுமார் 180 கோடியாகச் சரித்துவிட்டன. ஆனால் இரு தரப்பும் விமானத்தின் கதவு மூடிய பிறகு நடப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. பயணமோ வீட்டு வாசலில் தொடங்கி மறுமுனையில் இன்னொரு வாசலில் முடிகிறது. நடுவில் பெட்டி போடும் வரிசை, பாதுகாப்புச் சோதனை, ஏறுவதற்கான கூட்டம், இறங்குவதற்கான நெரிசல், குடியேற்றச் சோதனை, பரிசோதனை முடிவுக்கான காத்திருப்பு, தனிமைப்படுத்தும் விடுதி என்று எத்தனையோ கட்டங்கள் உண்டு. இதுவரை வெளிவந்திருக்கும் ஆய்வுகளையும் நிகழ்வுகளையும் அடுக்கிப் பார்த்தால், இந்தச் சங்கிலியின் மிகப் பலவீனமான கண்ணிகள் தரையில்தான் இருந்தன என்பது தெரிகிறது. அந்தக் கண்ணிகளில் சில, பயணியைக் காப்பதாகச் சொல்லிப் போட்ட விதிகளாலேயே உருவானவை.

மூன்று நிமிடக் காற்று

முதலில் விமானத்துக்குள் இருக்கும் காற்றைப் பார்ப்போம். பறக்கும் விமானத்தில், இன்ஜின் வழியாக வெளிக்காற்று இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் உள்ளே வரும் காற்றில் ஏறக்குறைய பாதி இப்படி வெளியிலிருந்து வருவது. மறுபாதி, உள்ளேயிருந்த காற்றையே ஹெப்பா வடிகட்டியில் சலித்துத் திரும்பவும் விடுவது. கிருமிகளைச் சுமக்கும் நுண்துகள்களில் 99.97 சதவீதத்தை இந்த வடிகட்டி பிடித்துவிடும். தலைக்கு மேலேயிருந்து இறங்கும் காற்று காலடியோரம் உள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. விமானத்தின் நீளவாக்கில் முன்னிருந்து பின்னுக்கு அது அதிகம் ஓடுவதில்லை. மணிக்கு 20 முதல் 30 முறை, அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, உள்ளேயிருக்கும் காற்று மொத்தமும் மாறிவிடுகிறது. காற்றில் பரவும் நோய் உள்ளவர்களை வைத்துப் பார்க்கும் மருத்துவமனைத் தனியறைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைப்பது மணிக்கு 12 முறை. அலுவலகம், வகுப்பறை, கல்யாண மண்டபம் எதுவும் விமானத்தின் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே விமான நிறுவனங்கள் சொன்னதில் பொய்யில்லை.

ஆனால் அந்த உண்மைக்கு ஓர் எல்லை உண்டு. வடிகட்டி சலிப்பது, தன்னிடம் வந்து சேரும் காற்றைத்தான். பக்கத்து இருக்கைக்காரர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் வடிகட்டியைப் போய்ச் சேருமுன் நம் மூக்கைக் கடந்துதான் போக வேண்டும். ஊதுவத்திப் புகை கூடம் முழுக்க நிறையாமல் ஜன்னல் வழியே போய்விட்டாலும், வத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் படத்தானே செய்யும். லண்டனிலிருந்து 2020 மார்ச் 1 அன்று ஹனோய்க்குப் புறப்பட்ட விமானம் இதற்குச் சான்று. வணிக வகுப்பில் இருமலோடு உட்கார்ந்திருந்த ஒரு பயணியைத் தவிர, அந்த 10 மணி நேரப் பயணத்தில் வந்தவர்களில் மேலும் 15 பேருக்குத் தொற்று இருந்தது பிறகு தெரியவந்தது. அவர்களில் 12 பேர் அதே வணிக வகுப்பில் இருந்தவர்கள். கால் நீட்ட இடம் அதிகம், இருக்கைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வகுப்பு அது. அப்போது முகக்கவசம் கட்டாயமாகவில்லை. இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் குவாங்சோவிலிருந்து டொரோன்டோவுக்குச் சுமார் 350 பேரோடு போன விமானத்தில் தொற்றாளர் ஒருவர் இருமலோடு 15 மணி நேரம் பயணம் செய்தார், முகக்கவசம் அணிந்திருந்தார். கண்காணிக்கப்பட்ட சக பயணிகளிடையே அவரிடமிருந்து நோய் பரவியதாகத் தெரியவில்லை.

இரண்டு நிகழ்வுகளை வைத்து விதி எழுத முடியாதுதான். 2003இல் சார்ஸ் பரவியபோதும் இதே ஏற்ற இறக்கம் இருந்தது. ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மூன்று மணி நேரம் பறந்த விமானத்தில் 120 பேர் இருந்தார்கள். அவர்களில் 22 பேருக்கு அந்தப் பயணத்தில் நோய் தொற்றியதாகக் கணிக்கப்பட்டது. அதே ஆய்வில் வேறொரு விமானத்தில் அறிகுறியுள்ள நான்கு பேர் இருந்தும் அதிகம் போனால் ஒருவருக்குத்தான் தொற்றியிருந்தது. ஆக, விமானம் எப்போதும் பாதுகாப்பானது என்பதும் எப்போதும் ஆபத்தானது என்பதும் தவறு. நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார், வாயை மூடியிருக்கிறாரா, அருகில் இருப்பவர் எவ்வளவு நேரம் இருக்கிறார், காற்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்ற நான்கும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் நான்காவதைத்தான் பேச்சில் எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். காற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது பறக்கும் விமானத்துக்கு மட்டுமே பொருந்தும்.

நின்ற விமானங்கள்

விமானத்தில் நோய் பரவுவதைப் பற்றிய பழைய, பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று 1977ஆம் ஆண்டில் அலாஸ்காவில் நடந்ததைப் பற்றியது. 54 பேர் இருந்த விமானம் புறப்படும்போது இன்ஜின் பழுதாகி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. பெரும்பாலான பயணிகள் உள்ளேயே இருந்தார்கள். காற்றோட்ட இயந்திரம் ஓடவில்லை. அவர்களில் ஒருவருக்கு இன்ஃபுளுயன்சா இருந்தது. அடுத்த 72 மணி நேரத்தில் பயணிகளில் 72 சதவீதம் பேர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார்கள். விமானத்துக்குள் அதிக நேரம் இருந்தவர்களுக்கே அதிகம் தொற்றியிருந்தது. அந்த விமானம் பறந்துகொண்டே இருந்திருந்தால் இத்தனை பேருக்குத் தொற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இதன் சாயலைத் துபாயிலிருந்து ஆக்லாந்துக்குப் போன விமானத்தில் காண முடிந்தது. 2020 செப்டம்பர் 29 அன்று நியூசிலாந்தில் இறங்கிய அந்த விமானத்தில் 86 பயணிகள் இருந்தார்கள். இறங்கியவர்கள் எல்லோரையும் 14 நாள் தனிமையில் வைத்துப் பரிசோதித்ததால், ஏழு பேருக்குத் தொற்று இருந்தது தெரிந்தது. வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்ததில், அவர்களில் நான்கு பேருக்காவது விமானத்திலேயே தொற்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஏழு பேரும் நான்கு வரிசைகளுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள். ஏழில் ஐந்து பேர், புறப்படுமுன் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்ததாகச் சொன்னவர்கள். எரிபொருள் நிரப்புவதற்காகக் கோலாலம்பூரில் நின்றபோது, காற்றோட்டத்துக்கு மின்சாரம் தரும் துணை இயந்திரம் சுமார் அரை மணி நேரம் அணைக்கப்பட்டிருந்ததையும் ஆய்வாளர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். தொற்று அந்த அரை மணி நேரத்தில்தான் நடந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது; 18 மணி நேரப் பயணத்தின் மற்ற பகுதியிலும் நடந்திருக்கலாம். ஆனாலும் இரண்டு நிகழ்வுகளிலும் காற்று நின்ற நேரம் விமானம் தரையில் நின்ற நேரமாகவே இருக்கிறது. கேட்டில் நிற்கும் விமானத்தில் பயணிகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் காற்றோட்டத்தை அணைக்காமல் வைத்திருப்பது, ஒரு சுவிட்சும் கொஞ்சம் எரிபொருளும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

கணக்கில் வராதவர்கள்

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். விமானப் பயணத்தால் தொற்றியவர்கள் எண்ணிக்கை மிகச் சிறிது என்றுதானே சொல்லப்பட்டது, பிறகு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்கலாம். 2020 அக்டோபரில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா ஒரு கணக்கை வெளியிட்டது. அந்த ஆண்டில் அதுவரை 120 கோடிப் பேர் பறந்திருக்கிறார்கள், விமானப் பயணத்தோடு தொடர்புள்ளதாக ஆய்விதழ்களில் பதிவான தொற்று 44 மட்டுமே, ஆக 2.7 கோடிப் பயணிகளில் ஒருவருக்குத்தான் ஆபத்து என்றது. மின்னல் தாக்குவதற்கான வாய்ப்போடு ஒப்பிடும் அளவுக்கு இந்த எண் பேசப்பட்டது. ஆனால் ஐயாட்டா எந்த ஆய்வின் தரவுகளை எடுத்துக்கொண்டதோ, அதை எழுதிய தொற்றுநோய் வல்லுநர் டேவிட் ஃப்ரீட்மனே இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பறந்த 120 கோடிப் பேரில் பரிசோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். அப்படியிருக்க அத்தனை பேரையும் வகுக்கும் எண்ணாக வைப்பது சரியில்லை என்பது அவர் எதிர்ப்பின் சாரம்.

அவர் சொன்னது எளிய உண்மை. விமானத்தில் இறங்கி வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்துக் காய்ச்சலில் படுத்தவர், தொற்று விமானத்தில் வந்ததா, வாடகைக் காரில் வந்ததா, வீட்டுக்கு வந்த உறவினரிடமிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆக்லாந்து விமானத்தில் தொற்று நடந்தது தெரிந்ததற்குக் காரணம், நியூசிலாந்தில் அப்போது ஊருக்குள் நோய் அநேகமாக இல்லை, வந்திறங்கியவர் எல்லோரும் அடைக்கப்பட்டார்கள், எல்லோரும் பரிசோதிக்கப்பட்டார்கள் என்பதே. இந்த மூன்றும் சேர்ந்த நாடு உலகில் சொற்பம். தேடிப் பார்த்த இடத்தில் கிடைத்தது; தேடாத இடத்தில் கிடைக்கவில்லை. ஆகவே 44 என்ற எண், நடந்ததன் அளவு என்பதைவிடத் தேடியதன் அளவு என்றே கொள்ள வேண்டும். அதே நேர்மையோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கண்டுபிடிக்கப்படாததெல்லாம் ஏராளமாக நடந்திருக்கும் என்று எதிர்ப்பக்கம் தாவுவதற்கும் சான்று கிடையாது. கையிலிருக்கும் தரவுகளைக் கொண்டு பயணத்தின் எந்தக் கட்டத்தில் எதைச் செய்திருக்கலாம் என்று கேட்பதே பயனுள்ள வழி.

வரிசை என்னும் ஏற்பாடு

அப்படிக் கேட்டால் முதலில் தட்டுப்படுவது விமானத்தில் ஏறும் முறை. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரைக் கடந்து இன்னொருவர் போகக் கூடாது என்பதற்காக, பல நிறுவனங்கள் பின்வரிசைக்காரர்களை முதலில் ஏற்றத் தொடங்கின. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 2021இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு ஒன்று, இந்த முறை பயணிகள் ஒருவருக்கொருவர் நெருங்கி நிற்கும் நேரத்தைக் கூட்டுகிறது என்று காட்டியது. எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தவர் வந்தபடி ஏறுவதைவிட இதில் தொற்று வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொரோனாவுக்கு முந்தைய வழக்கமான முறையைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம். காரணம் சிக்கலானதல்ல. கடைசி ஐந்து வரிசைக்காரர்களை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால், அத்தனை பேரும் விமானத்தின் ஒரே மூலையில் குவிந்து, மேலே பெட்டி வைக்க ஒருவர் முதுகில் ஒருவராக நிற்பார்கள். வரிசை மாறி ஏறினால் அந்தக் கூட்டம் விமானம் முழுக்கச் சிதறிவிடும். ஒருவரைக் கடந்து போவது சில விநாடி. நெருங்கி நிற்பது பல நிமிடம். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தது, காற்றின் கணக்கில் ஒழுங்கற்றதாக இருந்தது.

இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டது நடுவிருக்கை. இரண்டு மாத முடக்கத்துக்குப் பின் 2020 மே 25இல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. முடிந்தவரை நடு இருக்கையைக் காலியாக விட வேண்டும், முடியாவிட்டால் அதில் உட்காருபவருக்கு உடலைச் சுற்றும் மேலங்கி தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஜூன் தொடக்கத்தில் உத்தரவிட்டது. முகக்கவசம், கண்ணாடி போன்ற முகத்தடுப்பு, வெள்ளை அங்கி என்று பயணிகள் அறுவைசிகிச்சைக்குப் போகிறவர்கள் போல உட்கார்ந்திருந்த படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். நடு இருக்கையைக் காலியாக விட்டால் பயன் உண்டுதான். கிருமிகளின் பரவலைப் போலி விமான அறையில் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அது கிருமிகள் பயணியை எட்டும் அளவை 23 முதல் 57 சதவீதம் வரை குறைக்கும் என்றது. முகக்கவசத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் சுவாசத்தில் பரவும் நோய்க்கு மேலங்கி என்ன செய்யும்? துணியைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அசுத்தமான பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. இருக்கை துடைப்பதற்கும் அங்கி கொடுப்பதற்கும் செலவான அக்கறை, இறங்கும்போது நடைவழியில் முண்டியடிக்கும் கூட்டத்தின் மேல் அதே அளவுக்கு விழவில்லை.

நெற்றிக்கு நேரே நீட்டப்படும் வெப்பமானி இந்த ஏற்பாடுகளின் அடையாளச் சின்னமானது. 2003இல் சார்ஸ் காலத்தில் கனடா தன் விமான நிலையங்களில் சுமார் 65 லட்சம் பேரைச் சோதித்தது. சுமார் 9,100 பேரை மேல்சோதனைக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவருக்குக்கூட சார்ஸ் இல்லை. அமெரிக்கா 2020 ஜனவரி முதல் செப்டம்பர் வரை வெளிநாட்டிலிருந்து வந்த 7.66 லட்சம் பேரை உடல்வெப்பமும் அறிகுறிகளும் பார்த்து வடிகட்டியது. அதில் சிக்கிய கொரோனா தொற்றாளர்கள் ஒன்பது பேர். 85,000 பேரைச் சோதித்தால் ஒருவர் என்ற கணக்கு. செப்டம்பர் நடுவில் அந்தச் சோதனையை அமெரிக்கா கைவிட்டது. தொற்றியவருக்குக் காய்ச்சல் வர நாளாகும், சிலருக்கு வராமலே போகும், வந்தவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டும் வரலாம். இப்படியொரு சோதனையாவது இருந்தால் காய்ச்சலோடு கிளம்ப நினைப்பவர் தயங்குவாரே என்பது இதற்கு ஆதரவான வாதம். அந்தத் தயக்கத்தில் பயன் இருக்கலாம். ஆனால் அதற்கு விலையும் உண்டு. சோதனைக்காக மூடிய கூடத்தில் ஆயிரம் பேரை நிறுத்தி வைத்தால், தப்பி வந்த ஒரு தொற்றாளரும் அந்த வரிசையில்தான் நிற்பார். காய்ச்சல் உள்ளவரைத் தடுக்க, பயணச்சீட்டை அபராதமின்றித் தள்ளிப்போட விடுவது வெப்பமானியைவிட நல்ல வழி. வீட்டிலேயே நின்றுவிட்டவர் யாருக்கும் தொற்றுவதில்லை.

எல்லையில் நேர்ந்தது

வரிசையால் விளைந்த மிகப் பெரிய விபரீதங்கள் அரசுகள் அவசரமாக எல்லையை மூடிய நாட்களில் நடந்தவை. 2020 மார்ச் 11 இரவு, ஐரோப்பாவின் 26 நாடுகளிலிருந்து வருபவர்களுக்குத் தடை என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். அமெரிக்கக் குடிமக்கள் திரும்பலாம். ஆனால் குறிப்பிட்ட 13 விமான நிலையங்களில் மட்டுமே இறங்கி, உடல்நலச் சோதனையைக் கடந்து போக வேண்டும். இரண்டே நாளில் தடை அமலுக்கு வந்தது. பதறிப்போய்த் திரும்பியவர்கள் மார்ச் 14 அன்று சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில் மணிக்கணக்கில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். முகக்கவசம் பழக்கமாகாத நாட்கள் அவை. அதே வேளையில், நியூயார்க் நகரில் பரவிக்கொண்டிருந்த வைரஸ் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து பிப்ரவரியிலேயே வந்து சேர்ந்துவிட்டது என்பதைப் பின்னர் மரபணு ஆய்வுகள் காட்டின. வந்துவிட்ட நோயைத் தடுக்க என்று போட்ட உத்தரவு, அதைப் பரப்பக்கூடிய ஒரு கூட்டத்தை உண்டாக்கியது.

பாடம் கற்றுக்கொள்ள ஒன்றரை ஆண்டு கிடைத்தது. தென்னாப்பிரிக்கா புதிய வகை வைரஸைக் கண்டுபிடித்து உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது 2021 நவம்பர் 24 அன்று. இரண்டு நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்தது. நவம்பர் 26 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கிய இரண்டு விமானங்களின் 624 பயணிகளும் நிறுத்தப்பட்டார்கள். நின்ற விமானத்துக்குள்ளும் பிறகு விமான நிலையத்துக்குள்ளும் மணிக்கணக்கில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். 61 பேருக்குத் தொற்று இருந்தது. மற்ற 563 பேரும் அவர்களோடு சேர்ந்துதான் காத்திருந்தார்கள். ஒமிக்ரான் அதற்கு ஒரு வாரம் முன்பே, நவம்பர் 19 அன்று நெதர்லாந்தில் எடுக்கப்பட்ட மாதிரியில் இருந்ததும் பிறகு தெரியவந்தது. மூன்று நாளில் ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகள் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. நோயை முதலில் கண்டு சொன்ன நாட்டுக்குக் கிடைத்த பரிசு அது.

அப்படியானால் எல்லையை மூடவே கூடாதா? இந்த இடத்தில் எதிர்வாதம் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. 2020 ஜனவரி 23 அன்று வூஹான் நகரம் மூடப்பட்டது பற்றிய ஒரு மாதிரி ஆய்வு, அதனால் சீனாவுக்குள் பரவல் மூன்று முதல் ஐந்து நாள்தான் தள்ளிப்போனது என்றாலும், பிற நாடுகளுக்குப் போன தொற்று பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது என்கிறது. நியூசிலாந்து 2020 மார்ச் 19 அன்று எல்லையை மூடி நீண்ட காலம் உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அங்கே காத்தது தடை மட்டுமல்ல. வந்த ஒவ்வொருவருக்கும் தனி அறை, 14 நாள், இரண்டு பரிசோதனை என்ற ஏற்பாடும் சேர்ந்தே காத்தது. அந்த ஏற்பாடு கசிந்தால் என்னவாகும் என்பதை மெல்போர்ன் காட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த விடுதிகளிலிருந்து வெளியேறிய தொற்றுதான் விக்டோரியா மாநிலத்தின் இரண்டாம் அலைக்கு மூலம் என்று நீதிபதி ஜெனிஃபர் கோட் தலைமையிலான விசாரணையில் தெரிந்தது. அந்த அலையில் 768 பேர் இறந்தார்கள். எல்லைத் தடை கால அவகாசத்தை வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் தரையில் என்ன செய்தோம் என்பதே கடைசியில் பலனைத் தீர்மானிக்கிறது.

விலை கொடுத்தவர்கள்

தரையில் நிற்கவைத்ததன் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. இந்தியாவில் வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 22இல் நின்று, 2022 மார்ச் 27இல்தான் திரும்பின. நடுவில் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர 2020 மே 7 அன்று தொடங்கிய வந்தே பாரத் திட்டமும், பிறகு சில நாடுகளோடு செய்துகொண்ட தனி ஏற்பாடுகளும்தான் வழி. வளைகுடா நாடுகளில் வேலை இழந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தூதரகத்தில் பெயர் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து, சொந்தச் செலவில் சீட்டு எடுத்து வந்தார்கள். வந்த பிறகு தனிமைப்படுத்தல் செலவு வேறு. உள்நாட்டுப் பயணிகளுக்கு இ-பாஸ். சென்னைக்கு நாளொன்றுக்கு 25 விமானங்கள் மட்டுமே வரலாம் என்ற வரம்பு. டெல்டா அலையின்போது 2021 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கதவடைத்தது. விடுமுறைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களில் வசதியுள்ளவர்கள் மூன்றாவது நாடு ஒன்றில் 14 நாள் தங்கிச் சுற்றிப் போனார்கள். மற்றவர்கள் வேலை போய்விடுமோ என்று ஊரில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் கதவு திறந்தபோது, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே விரைவு ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அதற்குச் சில ஆயிரம் ரூபாய். அதற்காக மணிக்கணக்கில் முன்கூட்டியே வந்து கூடத்தில் காத்திருப்பு. மாதம் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் அனுப்பும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

முதல் சில மாதங்களில் எதுவும் தெரியாத நிலை, உயிர் பயத்தில் எடுத்த முடிவுகளைப் பின்னறிவோடு குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். நோயைப் பற்றி அப்போது தெரியாதது நிறைய உண்டுதான். ஆனால் அலாஸ்கா விமானத்தைப் பற்றிய ஆய்வு 1979இலேயே அச்சாகிவிட்டது. வெப்பமானியின் தோல்வி 2003இல் கனடாவில் பதிவாகிவிட்டது. நின்ற காற்றும் நெருங்கிய கூட்டமும் ஆபத்து என்பது காசநோயைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் புதிய செய்தி அல்ல. அந்த அறிவு, உத்தரவு எழுதும் மேசைகளை எட்டவில்லை. பின்னறிவு என்று ஒதுக்கிவிட்டால் அடுத்த முறையும் எட்டாது.

பயணத்தின் எல்லாக் கட்டத்திலும் கூடவே வரக்கூடிய காப்பு ஒன்று உண்டென்றால் அது முகக்கவசம். வரிசையிலும் பேருந்திலும் இருக்கையிலும் அது ஒரே மாதிரி வேலை செய்யும். விலையும் குறைவு. அதைக் கட்டாயமாக்கியதற்கு வந்த எதிர்ப்பு சிறிதல்ல. அமெரிக்காவில் 2021இல் விமானங்களில் பதிவான 5,981 தகராறுப் புகார்களில் 4,290 முகக்கவசத்தைப் பற்றியவை. இந்தியாவில் சண்டை குறைவு. 2022 நவம்பர் நடுப்பகுதி வரை கட்டாயம் நீடித்தது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கவசத்தைக் கழற்றும் தருணம் சாப்பாட்டு வேளை. அதனால்தான் 2021 ஏப்ரலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான உள்நாட்டுப் பயணங்களில் உணவு நிறுத்தப்பட்டது. செலவு இல்லாமல், யாரையும் நிறுத்தி வைக்காமல், ஆபத்தின் காரணத்தைப் புரிந்துகொண்டு போட்ட விதி அது. இப்படிப்பட்ட விதிகள் குறைவாக இருந்தன என்பதே குறை.

அடுத்த முறைக்கு

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை முடித்துவைத்தது. இன்னொரு சுவாசத் தொற்று வரும் என்பதில் மருத்துவ உலகில் ஐயம் இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. அப்போது அரசுகள் மறுபடியும் விமானத்தைப் பற்றியே பேசினால் பழைய கதைதான் திரும்பும். செய்ய வேண்டியவை பெரும்பாலும் தரையில் இருக்கின்றன. எல்லை உத்தரவு போடும்போது, ஏற்கெனவே புறப்பட்டுவிட்டவர்களை எங்கே, எப்படிப் பிரித்து நிறுத்துவது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்காகக் கூடத்தில் அடைப்பதற்குப் பதில் வீட்டுக்கோ விடுதிக்கோ அனுப்பிக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். நோயுள்ளவர் பயணத்தைத் தள்ளிப்போட்டால் பணம் போகாது என்பதைச் சட்டமாக்க வேண்டும். கேட்டில் நிற்கும் விமானத்தில் ஆள் இருக்கும்வரை காற்றோட்டம் ஓட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முனையக் கட்டடங்களின் காற்றை அளக்கத் தொடங்க வேண்டும். மனிதர் விடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு, காற்று எவ்வளவு பழையது என்பதைக் காட்டிக்கொடுக்கும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். கூட்டம் நிறைந்து காற்றோட்டம் போதாத கூடத்தில் பல மடங்கு ஏறும். அளக்கும் கருவி விலை அதிகம் இல்லை, கையடக்கமானது. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு மேல் அந்த எண்ணைப் பலகையில் காட்டினால், எந்தக் கூடத்தில் மின்விசிறியும் வெளிக்காற்றுக் குழாயும் தேவை என்பது பெருந்தொற்று வருமுன்பே தெரிந்துவிடும். பயணிக்கும் ஒரு பயன் உண்டு: இந்த விமானம் பாதுகாப்பானதா என்ற விடை தெரியாத கேள்வியை விட்டுவிட்டு, என்னை எவ்வளவு நேரம், எத்தனை பேரோடு, எந்தக் காற்றில் நிறுத்தப்போகிறீர்கள் என்று அவர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல முடியும். சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுத்துபவருடையது.